வாயாடிக்கு ஒரு ஓட்டு

என் மனைவி ஹெஸ்டர் லீட்ஸ் நீதிமன்றத்தில் வழக்கறிஞர். நான் ரொட்டி சுடுகிறவன். அவள் நாடாளுமன்றத் தேர்தலில் நிற்கப் போவதாகச் சொன்னபோது, "ஜெயிச்சுட்டா வாரத்துல நாலு நாள் லண்டன்லயா?" என்றுதான் முதலில் கேட்டேன்.

"ஆமா பெர்சி, உன் குறட்டையிலேர்ந்து விடுதலை" என்றாள். கொழுப்பைப் பாருங்கள்!

ஓட்டுப் போடும் நாளன்று மறைப்புக்குள் பென்சிலும் கையுமாக நின்றேன். அவள் பேருக்கு நேரே ஒரு பெருக்கல் குறி போட வேண்டும், அவ்வளவுதான். கை வரவில்லை. வேறு ஆளுக்குப் போட மனசும் வரவில்லை. கடைசியில் அவள் கட்டத்துக்குள் பொடி எழுத்தில், "வாயாடி, போயிட்டு வா" என்று எழுதி மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டேன். வீடு வரும்வரை எனக்கே சிரிப்பு அடங்கவில்லை.

மறுநாள் காலை டவுன் ஹாலில் எண்ணிக்கை. மூன்று முறை எண்ணியும் ஹெஸ்டருக்கும் அவளை எதிர்த்து நின்ற கர்னல் தார்ன்பரோவுக்கும் சரிசமம். மிச்சமிருந்தது ஒரே ஒரு சந்தேகச் சீட்டு. தேர்தல் அதிகாரி சக்டன் அதைத் தூக்கிப் பிடித்து உரக்கப் படித்தார்.

"இது வசவு" என்றார் கர்னல். "போன்னு எழுதியிருக்கான். செல்லாது."

ஹெஸ்டர் நீதிபதி முன் நிற்பதுபோலவே எழுந்து நின்றாள். "கர்னல் பாதியிலயே நிறுத்திட்டார். 'வா'ன்னும் எழுதியிருக்கு. வேண்டாத ஆளைத் திரும்பி வான்னு யாராவது சொல்வாங்களா?" சொல்லிக்கொண்டே சீட்டைப் பார்த்தாள். என் கோணல் எழுத்து அவளுக்குத் தெரியாதா? கழுத்துவரை சிவந்துபோனாள்.

கர்னல் லேசுப்பட்டவர் அல்ல. "அப்ப எழுதினது யாருன்னு அம்மாவுக்குத் தெரியுமோ?"

ஓட்டுப் போட்டது இன்னார் என்று சீட்டே காட்டிக்கொடுத்தால் அது செல்லாது. ஹெஸ்டரோ எந்த வழக்கிலும் பொய் சொன்னதில்லை. "என்னை இப்படிக் கூப்பிடறது ஒரே ஒரு ஆள்தான்..." என்று ஆரம்பித்தாள்.

போச்சு. அவள் தோற்றால் தேவலை என்று மாதக்கணக்காக நினைத்தவன் நான். அந்த நொடியில், ஐயோ, இவள் ஜெயிக்கணுமே என்று துடித்துப்போனேன்.

எண்ணும் மேஜையிலிருந்த பள்ளிக்கூட டீச்சர் மிஸ் ராம்ஸ்டன் களுக்கென்று சிரித்தாள். "ஒரே ஆளா? 'வாயாடி, டீ ஆறுது'ன்னு உங்க வீட்டுக்காரர் தினமும் கத்துறது பஸ் ஸ்டாப் வரைக்கும் கேக்குது. ஊரே உங்களை அப்படித்தான் சொல்லுது. நானும்தான்!"

"நானும்!" "நானும்!" கர்னலின் ஆட்களே கையைத் தூக்கினார்கள். ஊரே தன்னை அப்படித்தான் கூப்பிடுகிறது என்பது ஹெஸ்டருக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

"அப்ப ஊர்ல யார் வேணா எழுதியிருக்கலாம். செல்லும்" என்றார் சக்டன். ஒரே ஓட்டில் ஜெயித்தாள்.

ஹாலே அமளிதுமளி. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து என் காதைத் திருகினாள். "ஒரு குறி போடத் தெரியாதாடா உனக்கு?"

"போட்டா நீ போயிடுவியே."

அத்தனை பேர் நடுவிலும் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் வர்றப்ப ஸ்டேஷன்ல நிக்கணும். லேட்டாச்சுன்னா பாரு!"

நான் வியாழக்கிழமையே போய் நிற்பேன் என்பது அவளுக்குத் தெரியாது.