படகில் ஒரு நீலக் கதவு

அரிப்பு ஓர் ஆளாக இருந்திருந்தால் ரோச் சட்டையைப் பிடித்து நாலு சாத்து சாத்தியிருப்பான். அது ஊராகப் போய்விட்டது. அதுவும் கடலுக்கு அந்தப் பக்கம், இலங்கையின் மன்னார்க் கரையில். அவன் மனைவி அனுஜா ஒன்பது வயதில் சண்டைக்குப் பயந்து அங்கிருந்து படகேறி வந்தவள். முகாமில் வளர்ந்து, ரோச்சைக் கட்டிக்கொண்டு தூத்துக்குடி திரேஸ்புரத்துக்கு வந்து ஆறு வருஷமாகிறது. வந்த முதல் வாரமே வீட்டுக் கதவுக்கு நீலம் அடித்தாள். அரிப்பில் அவர்கள் வீட்டுக் கதவு நீலமாம். அப்புறம் சுவரெல்லாம் அரிப்புதான். பனை, மணல், நீலக் கதவு, கடலில் இறங்குகிற சூரியன். அவன் ஊரை ஒரு மூலையில்கூட அவள் வரையவில்லை.

"ஏலே மாப்ள, ஒன் வீட்டுக்குள்ள வாரதுக்கு பாஸ்போர்ட் வேணும் போலுக்கே" என்று கூட்டாளி ஃபிராங்க்ளின் கேலி செய்வான். ரோச் சிரித்து வைப்பான். உள்ளே வயிறு எரியும்.

இப்போது புதுப் படகு வந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் சாமியார் வந்து மந்திரிப்பதற்குள் முன்பக்கத்து அணியத்தில் படம் வேண்டும்.

"பனிமய மாதாவ வரை. பின்னால நம்ம ஊரு. ஒங்க ஊர் மண்ணு ஒரு பொட்டு இதுல ஒட்டக் கூடாது, சொல்லிட்டேன்" என்றான்.

அவள் சரி என்று மட்டும் சொன்னாள். மூன்று நாள் தார்ப்பாய் கட்டி மறைத்துக்கொண்டு வரைந்தாள். முடியும்வரை யாரும் பார்க்கக் கூடாதாம்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மஞ்சள் பெயிண்ட் தீர்ந்துவிட்டது. அவள் கடைக்குப் போனாள். ரோச்சுக்கு இருப்புக்கொள்ளவில்லை. தார்ப்பாயைத் தூக்கினான். மாதா இன்னும் வெறும் கோடுதான். கரை மட்டும் முடிந்திருந்தது. மணல், காயும் வலை, வீடுகளுக்குப் பின்னால் பாதிச் சூரியன். நட்டநடுவே நீலக் கதவு, வாசலில் ஒரு பெண்.

என் படகிலுமா? அவனுக்குத் தலைக்கேறிவிட்டது. வெள்ளைப் பெயிண்டை எடுத்து மேலிருந்து கீழே இழுத்து அடித்தான். இரண்டாம் பூச்சு அடிக்கும்போது, உள்ளதைச் சொல்லவேண்டும், சந்தோஷமாகவே இருந்தது.

அனுஜா மஞ்சள் டப்பாவோடு வந்து நின்றாள். கோபம் வந்தால்தான் அவள் வாயில் அந்த ஊர்ப் பேச்சு வரும்.

"எதை அழிச்சுப் போட்டீங்கள் எண்டு தெரியுமோ?"

போனை எடுத்து நீட்டினாள். போன வருஷம் கடலிலிருந்து திரும்பும்போது அவனே எடுத்து அனுப்பிய போட்டோ. மணல், வலை, அவர்கள் வீட்டு நீலக் கதவு, வாசலில் அவனுக்காகக் காத்து நின்ற அனுஜா. வீடுகளுக்குப் பின்னால் இறங்கும் சூரியன். அரிப்பில் சூரியன் கடலில் அல்லவா விழும்! சுவரில் ஆறு வருஷமாகப் பார்த்த சங்கதி. கடலில் பிழைக்கிறவன், திசை பார்க்காமல் பெயிண்ட் அடித்துவிட்டான்.

"திருப்பி வரை அனு. நான் தெரியாம..."

"அரிப்பு கண்ணை மூடினா வரும். எத்தனை தரமும் படம் கீறுவன். இந்த ஊர் இப்பத்தான் முதல்தரம் கைக்கு வந்தது. இனி வருமோ தெரியாது."

ஞாயிற்றுக்கிழமை சாமியார் வெள்ளை அணியத்துக்குத் தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார். ஃபிராங்க்ளின்கூடக் கேலி செய்யவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் ரோச் கடலிலிருந்து திரும்பினான். சூரியன் வீடுகளுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. தூரத்தில் நீலக் கதவு தெரிந்தது. சாத்தியிருந்தது. ரோச் எஞ்சினை நிறுத்தினான். முன்னால் போய்க் குனிந்து, வெள்ளைப் பெயிண்டை நகத்தால் சுரண்டத் தொடங்கினான்.