சுங்கை பூலோ சாக்ஸபோன்

பிரிக்பீல்ட்ஸில் இருந்த சிவசம்புவின் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மாலைதோறும் மூன்று பேர் கூடுவார்கள். ஆளுக்கொரு ரெக்கார்டு கொண்டுவர வேண்டும். “இந்த வாரம் நான் கேட்டது இது” என்று சொல்லிப் போட வேண்டும். ஒரு பக்கம் ஓடி முடியும்வரை யாரும் வாய் திறக்கக்கூடாது. வேறு சட்டதிட்டம் எதுவும் கிடையாது.

அரசாங்கக் கணக்கு இலாகாவில் அதிகாரியான சிவசம்புவுக்குப் பழைய புளூஸ் பாட்டுகளின்மேல் பைத்தியம். ஆசிரியை மார்க்கிரட்டுக்கு ஜாஸ் பியானோ. நில அளவை இலாகா தம்புவுக்கு சாக்ஸபோன். மற்றதெல்லாம் அவர் காதுக்கு வெறும் சத்தம். மூவரிலும் கெடுபிடிக்காரர் சிவசம்புதான். சோப்பு போட்டுக் கை கழுவாமல் ரெக்கார்டைத் தொடமாட்டார். அவருடையதை வேறு யாரும் தொடவே முடியாது. பெற்ற மகளுக்கே அனுமதியில்லை.

எழுபத்து நான்காம் வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, மார்க்கிரட் ரெக்கார்டு இல்லாமல் ஒரு ஆர்கிட் தொட்டியோடு வந்து நின்றாள்.

“ரெக்கார்டு எங்க?” என்றார் சிவசம்பு.

“நான் இந்த வாரம் கேட்டது சுங்கை பூலோவுல இருக்கு அண்ணே. கொண்டுவர முடியல.”

சுங்கை பூலோ தொழுநோயாளர் குடியிருப்பில் இருப்பவர்கள் பூச்செடி வளர்த்து விற்பார்கள். செடி வாங்கப் போனவள், ஒரு சின்ன வீட்டிலிருந்து சாக்ஸபோன் சத்தம் வருவதைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டாள். வீட்டுக்காரர் பெயர் கன்னையா. ரவாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். இருபது வயதுக்குள் அங்கே கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். தன் ஊருக்குத் திரும்பும்போது ஒரு வெள்ளைக்கார தோட்டத் துரை ஆர்கிட் தொட்டிகளை வாங்கிக்கொண்டு, பதிலுக்கு ஒரு பெட்டி ரெக்கார்டைக் கொடுத்துவிட்டுப் போனாராம். அன்று பிடித்த கிறுக்கு. அதற்குப் பிறகு, ரெக்கார்டு கொண்டுவருகிறவர்களுக்கே நல்ல ஆர்கிட் என்று வைத்துக்கொண்டாராம்.

“நீ உள்ள போனியா?” என்று கேட்டார் தம்பு.

“போனேன். உக்காந்து கேட்டேன். அவருக்கு எப்பவோ குணமாயிடுச்சு லா. வெரல்லதான் உணர்ச்சி வரல.”

தம்பு தன் நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். சிவசம்புவுக்கும் உள்ளுக்குள் கூசத்தான் செய்தது. ஆனால் தான் கேட்காத ஒரு பெட்டி ரெக்கார்டு இருபது மைலுக்குள் இருக்கிறது என்று தெரிந்த பிறகு அவருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அடுத்த ஞாயிறு மார்க்கிரட்டின் மோரிஸ் காரில் ஏறிக்கொண்டார். மடியில் அவருடைய ஆகச் சிறந்த ரெக்கார்டு. மிசிசிப்பிக்காரர் ஒருவர் கிதாரை மட்டும் வைத்துக்கொண்டு பாடியது. மைத்துனர் லண்டனில் தேடிப் பிடித்து அனுப்பியது. தம்பு வரவில்லை.

மார்க்கிரட் முன்பே சொல்லி அனுப்பியிருந்ததால் கன்னையா வாசலிலேயே காத்திருந்தார். ஒல்லியான மனிதர், வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை. கை கொடுக்க அவர் முன்வரவில்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, “வாங்க சார், வாங்க அக்கா” என்றார்.

உள்ளே மேசைமேல் ஆரஞ்சு பானம் மூன்று போத்தல். மூடி திறக்கவில்லை. பக்கத்தில் ஓப்பனர். கிளாஸ் இல்லை, கடையில் தரும் ஸ்ட்ரா, தாள் உறை பிரிக்காமல். வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்பதை அவர்களுக்கு முன்பே நினைத்து, அவர்களுக்குச் சங்கடம் வராதபடி ஒரு மனிதர் எல்லாவற்றையும் எடுத்து வைத்திருக்கிறார் என்று சிவசம்புவுக்கு உறைத்தது. அவருக்கு முகம் சுட்டது.

“ஒங்க ரெக்கார்ட நீங்களே போடுங்க சார்,” என்றார் கன்னையா. “நான் தள்ளி நின்னுக்கறேன்.”

சிவசம்பு அட்டை உறையைப் பார்த்தார். பிறகு எழுந்துபோய் அதைக் கன்னையாவிடம் நீட்டினார்.

“இது ஒங்க வீடு. நீங்க போடுங்க.”

மார்க்கிரட் ஆச்சரியத்தில் குடிப்பதை நிறுத்திவிட்டாள். கன்னையா முதுகுக்குப் பின்னாலிருந்து கைகளை எடுத்தார். விரல்கள் உள்பக்கமாக மடங்கியிருந்தன. ரெக்கார்டின் விளிம்பை இரண்டு உள்ளங்கைக்கு நடுவே பிடித்துத் தூக்கினார். ஒரு இடத்திலும் மேல்பரப்பில் படவில்லை. கைக்கு உணர்வில்லாததால் கண்ணை வைத்தே எல்லாம் செய்தார். குனிந்து, மூச்சைப் பிடித்து, ஊசித் தண்டை மணிக்கட்டின்மேல் தாங்கி, மெல்ல மெல்ல இறக்கினார். ஊசி உட்கார்ந்த சத்தமே கேட்கவில்லை. பாட்டுதான் கேட்டது. இத்தனை வருடத்தில் தன் கை ஒருநாளாவது இவ்வளவு பதமாக ஊசியை வைத்திருக்குமா என்று சிவசம்புவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

பாட்டு முடிந்ததும் கன்னையா தரையைப் பார்த்துக்கொண்டே சிரித்தார்.

“ஒத்த ஆளுதான் பாடறாரு. ஆனா தனியா இருக்கற மாதிரி தோணல சார். இவரு ஒண்ணு சொல்றாரு, கிதாரு ‘அப்படியா’ன்னு கேக்குது. இன்னொரு தடவ போடலாமா?”

நான்கு தடவை போட்டார்கள். இருட்டுவதற்குள் கன்னையாவின் ரெக்கார்டுகளில் ஆறேழு கேட்டாகிவிட்டது. அதில் ஒன்று, சிகாகோக்காரர் யாரோ வாசித்த சாக்ஸபோன். சிவசம்புவுக்கு உடனே தம்புவின் ஞாபகம் வந்தது.

“அடுத்த மாசம் பிரிக்பீல்ட்ஸுக்கு வாங்க,” என்றார். “இதையும் எடுத்துட்டு வாங்க.”

“வீட்ல எல்லாருக்கும் சரியா சார்?”

“என் வீடு. நான் கூப்பிடறேன்.”

தம்புவிடம் சொன்னபோது அவர் குரலை உயர்த்தவில்லை. “நல்ல மனுஷனாத்தான் இருப்பாரு. ஆனா அவரு உள்ள இருந்தா நான் உள்ள வரமாட்டேன். என்னால முடியல.”

“அப்ப வெளிய நின்னு கேளுங்க,” என்றார் சிவசம்பு. முப்பது வருட நட்பில் இப்படி ஒரு வார்த்தை அவர் சொன்னதில்லை.

அடுத்த மாதம் குறித்த ஞாயிற்றுக்கிழமை கன்னையா பஸ் மாறி மாறி வந்தார். ரெக்கார்டுகளைத் தலையணை உறையில் சுற்றி நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். தம்பு வந்தாரே தவிர, சொன்னபடி வாசலுக்கு வெளியே கேட் பக்கத்தில் நின்றுகொண்டார். கன்னையா அவரைப் பார்த்தார். சாக்ஸபோனை முதலில் போட்டார்.

பாதி ஓடும்போது தம்பு கேட்டை விட்டு ஜன்னலோரம் வந்திருந்தார். ரெக்கார்டு முடியும் சமயம் வாசற்படியில் நின்றார், கண்ணை மூடிக்கொண்டு. ஊசி நின்றதும் தான் சொன்னதையெல்லாம் மறந்து, “யாருய்யா அது? இவர நான் கேட்டதே இல்லையே!” என்றார்.

கன்னையா பெயரைச் சொன்னார். அட்டையைத் திருப்பிக் காட்டினார். தம்புவுக்கு அங்கிருந்து எழுத்து தெரியவில்லை. ஒரு அடி வைத்தார், இன்னொரு அடி வைத்தார், கன்னையாவுக்கு நேர் எதிரே வந்து நின்று, அட்டையை அவர் கையிலிருந்தே வாங்கிப் படித்தார். படித்துவிட்டுப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

“இத ஒரு வாரம் எனக்கு இரவல் தருவீங்களா?”

மார்க்கிரட் சிவசம்புவைப் பார்த்தாள். தம்பு தன் வாயால் இரவல் கேட்டு அவர்கள் பார்த்ததில்லை. கன்னையா அட்டையைத் திரும்ப வாங்கி, பதமாகத் தலையணை உறைக்குள் செருகினார்.

“மன்னிக்கணும் அண்ணே. ரெக்கார்ட வெளிய குடுக்கற பழக்கம் எனக்கு இல்ல,” என்றார். “வீட்டுக்கு வாங்க. எத்தன தடவ வேணும்னாலும் போடறேன்.”

முதலில் சிரித்தது சிவசம்புதான். தன்னை மாதிரி இன்னொரு ஆளைக் கண்டுபிடித்த சந்தோஷம் அது. மார்க்கிரட்டும் சேர்ந்துகொண்டாள். தம்பு மட்டும் சிரிக்கவில்லை. அவர் தீவிரமாக யோசித்துக்கொண்டிருந்தார்.

“சுங்கை பூலோவுக்கு இங்கருந்து எந்த பஸ்ஸு?” என்று கேட்டார்.