சத்தம் போடாத செருப்பு

மனைவி மறுபடியும் ஓசைப்படாமல் பின்னால் வந்து நின்றதில், செருப்புக் கம்பெனிக்காரர் கையிலிருந்த தேநீரைச் சட்டையிலேயே ஊற்றிக்கொண்டார்.

“வரும்போது ஒரு இருமலாவது இருமக் கூடாதாம்மா?”

“நீங்க செஞ்ச செருப்புதானே? என்னை ஏன் முறைக்கிறீங்க?”

செருப்பு அவருடையதுதான், அடிப்பாகம் மட்டும் மச்சானுடையது. மனைவியின் தம்பி இராணுவ ஆராய்ச்சிக்கூடத்துக்காரன். எதிரியின் காதில் விழாமல் வீரர்கள் நடப்பதற்காக, இளமை முழுவதையும் ஒரு ரப்பரில் கரைத்தவன். அந்த ரப்பரைத் தனியாருக்கும் தரலாம் என்று மேலிடம் அனுமதித்ததுமே, “அரசாங்கம் பட்ட பாடு மாமா, பலன் நமக்கு!” என்று ஓடிவந்தான். அவருக்கும் கால் தரையில் பாவவில்லை. மற்ற செருப்புகளை நிறுத்திவிட்டு, இருந்த இயந்திரங்களையெல்லாம் இதற்கே திருப்பினார். இது படுத்தால் கம்பெனியும் படுத்துவிடும்.

விற்ற செருப்புகள் திரும்பி வரத் தொடங்கின. ஒரு வீட்டில் மாமியார் தன்னைப் பற்றிப் பேசியதை மருமகள் முழுசாகக் கேட்டுவிட்டாளாம். இன்னொரு வீட்டில் பூனை சாப்பாட்டையே விட்டுவிட்டதாம். ஓர் அலுவலகத்தில், முதலாளி நடப்பதைப் போல நடந்து காட்டிக்கொண்டிருந்த ஊழியருக்குப் பின்னால் முதலாளியே நின்றிருந்தாராம்.

“எதிரிக்குக் கேக்கக் கூடாதுன்னு செஞ்சது மாமா.”

“வீட்டுக்குள்ள எதிரி யாருன்னு உனக்குத் தெரியுமாடா?”

மிச்சமிருந்த நம்பிக்கை ஆஸ்பத்திரி ஒன்றுதான். அங்கே நர்சுகளுக்கு மாதிரிச் செருப்புகள் கொடுத்திருந்தார்கள். தலைமை நர்ஸ் நேரிலேயே வந்தார். மேசையில் பை விழுந்த பிறகுதான் அவர் வந்ததே தெரிந்தது.

“மெத்துனுதான் இருக்கு, பழி சொல்ல மாட்டேன். ஆனா நோயாளிங்க கண்ணைத் தொறந்தா தலைமாட்டுல நாங்க நிக்கிறோம். ஒருத்தர் என்னை எமன்னு நெனச்சுக் கும்பிட்டுட்டார் சார். படுத்துக் கெடக்கறவங்களுக்கு, யாரோ வர்றாங்கன்னு காதுல விழணும். அப்பதான் மனசு அடங்கும். கொஞ்சம் சத்தம் வச்சுக் கொடுங்க, எல்லாருக்கும் வாங்கிக்கிறோம்.”

மச்சான் பேயறைந்தவன்போல நின்றான். “எவ்வளவு சத்தம்?”

நர்ஸ் யோசித்தார். “எழுப்பவும் கூடாது, பயமுறுத்தவும் கூடாது. காய்ச்சல்ல கெடக்கும்போது சமையலறையில இருந்து அம்மா வருவாங்கல்ல, அந்த மாதிரி.”

“அதை அளக்க எங்ககிட்ட கருவி இல்லையே மேடம்.”

நர்ஸ் போனதும் இயந்திரங்களை நிறுத்தினார்கள். செருப்புக்காரர் தோல் வெட்டும் மேசைமேல் ஏறி, நோயாளிபோலக் கண்ணை மூடிப் படுத்துக்கொண்டார். மச்சான் செருப்பின் குதிகாலுக்கடியில் ஒரு தோல்துண்டை ஒட்டி, மாட்டிக்கொண்டு நடந்தான்.

“இப்போ?”

“போலீஸ் வருது.”

துண்டைச் சீவினான். “இப்போ?”

“பாம்பு வருது. ஏன்டா, ஒரு மனுசன் வரவே மாட்டானா?”

இன்னொரு துண்டை ஒட்டினான். “நகருடா,” என்று, எப்போதோ ஓசைப்படாமல் வந்து நின்றிருந்த அவன் அக்கா செருப்பைப் பிடுங்கி மாட்டிக்கொண்டு, அறையின் கடைசி மூலைக்குப் போனாள். அங்கிருந்து திரும்பி, சாவகாசமாக நடந்து வந்தாள். மேசையில் மூடிக் கிடந்த மாமாவின் இமைகளையே, ஆராய்ச்சிக்கூடத்துக் கருவியின் முள்ளைப் பார்ப்பதுபோல, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தான் மச்சான்.