பாட்டிலில் எழுதிய தேதிகள்

காருக்கு அடியில் ஒரு பழைய பிளாஸ்டிக் தொட்டியைத் தள்ளிவிட்டு, நூலகர் ரேடியேட்டரின் கீழ்த் திருகைத் திருப்பினார். அசையவில்லை. மண்டியிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னொரு முறை முயன்றதும் இளகியது. எஞ்சின் சூட்டைத் தணிக்கும் கூலன்ட் பச்சையாக வரவேண்டும். வரவில்லை. செங்கல் கரைத்த நிறத்தில் துருக்குழம்பு சொட்டியது.

ஒரு வருடமாக ஷெட்டைவிட்டு நகராத வண்டி. "ஒண்ணு ஓட்டுங்க, இல்லாட்டி வித்துடுங்கப்பா. லீவுக்கு வந்து அதப் பாக்கும்போதெல்லாம் அம்மா ஞாபகம்தான்" என்று வெளியூரில் வேலை பார்க்கும் மகள் நேற்றுத்தான் போனில் சொன்னாள். விற்க மனம் வரவில்லை. கையேட்டை விரித்துவைத்துக்கொண்டு காலையிலேயே இறங்கிவிட்டார். புதுக் கூலன்ட் கொண்டுவரும்படி மச்சானுக்கும் சொல்லியிருந்தார்.

முன்பெல்லாம் இந்த வேலை மனைவியுடையது. எஞ்சின் ஆறிவிட்டதா என்று புறங்கையால் தொட்டுப் பார்த்து, மூடியைத் திறந்து, குறைந்ததை நிரப்புவாள். "ஸ்டீயரிங்கப் பிடிக்கிறது அவரு. வண்டிய ஓட்டுறது நான்" என்று சிரிப்பாள்.

அவளுக்கு நெஞ்சு வலித்த அன்று, மருத்துவமனைக்குப் போகும் வழியில், மேட்டுச் சாலையில் வண்டி ஆவி கக்கிக்கொண்டு நின்றுவிட்டது. வேறு வண்டி கிடைக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. அந்த முக்கால் மணி நேரம்தான் அவளுக்கு வேண்டியிருந்தது என்றார் டாக்டர்.

சாவு வீட்டில் அவளுடைய அண்ணன், அதாவது உதிரிபாகக் கடை வைத்திருக்கும் மச்சான், உறவெல்லாம் கேட்க வெடித்தார். "ஊர்ப்பட்ட புத்தகத்தப் படிக்கிற மனுஷனுக்கு, டேங்குல கூலன்ட் இருக்கான்னு பாக்க நேரமில்ல. என் தங்கச்சிய நடுரோட்டுல விட்டுட்டாரே." அன்று குனிந்த தலை நூலகருக்கு அதன்பிறகு நிமிரவில்லை. சில நாள் மனம் வேறு பக்கமும் போகும். அந்த மாதம் அவள்தான் ஊற்ற மறந்துவிட்டாளோ? செத்துப்போனவள்மீது கோபம் வரும். உடனே தன்மீதே அருவருப்பு வரும்.

கை துடைக்கத் துணி தேடியபோதுதான் அலமாரி மூலையில் அந்தப் பாட்டில் தென்பட்டது. பாதி மீதி இருந்தது. லேபிளின்மேல் மார்க்கர் பேனாவால் வரிசையாகத் தேதிகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அவளுடைய சாய்ந்த கையெழுத்தில் 'ஊத்தியாச்சு'. கடைசித் தேதி, அவள் இறப்பதற்கு மூன்று நாள் முந்தியது. அதன் கீழே, 'சீக்கிரம் குறையுது. அண்ணன்கிட்ட கேக்கணும்.'

நூலகர் அந்த வரியை இன்னொரு முறை படித்தார். அவள் மறக்கவில்லை. பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அடியில் பச்சையாக ஒரு விரற்கடை வண்டல். அதற்குமேல் இருந்தது வெறும் குழாய்த் தண்ணீர்போல் தெளிந்திருந்தது.

வாசலில் ஸ்கூட்டர் நின்றது. மச்சான் கையில் புதிய கேனோடு வந்தார்.

"என்ன மாப்ளே, புத்தகத்தப் பாத்து நீச்சல் கத்துக்கிற மாதிரி இருக்கே. தள்ளுங்க, நான் பாத்துக்..." பாட்டிலைக் கண்டதும் பேச்சு நின்றது. "இது எப்படி இங்க வந்துச்சு?"

"உங்க தங்கச்சி வாங்கினது."

"எங்கிட்ட வந்திருந்தா நல்லதே குடுத்திருப்பேனே."

நூலகர் தலையை நிமிர்த்தினார். "அப்ப இது நல்லதில்லன்னு பாத்ததுமே உங்களுக்கு எப்படித் தெரியும் மச்சான்?"

மச்சான் கேனைக் கீழே வைத்தார். லேபிளை ஒட்டிய விதமும், மூடியில் மெழுகு வைத்த விதமும் அவருக்குத் தெரியாதா? கடைக்குப் பின்னாலிருக்கும் டிரம்மில் அவர் கையால் கலக்கியது.

"அவ ஏன் வெளிய வாங்கினா?" என்று கேட்டார் மச்சான்.

"கடைசியா உங்ககிட்ட வந்தப்ப காசு வேண்டாம்னுட்டீங்க. உங்க வீட்டுல, 'கடையே நாத்தனாருக்குத்தான் திறந்திருக்கு'ன்னு ஒரு பேச்சு வந்துச்சாம். அதுக்கப்புறம் பெட்ரோல் பங்க் பக்கத்துக் கடையிலதான் வாங்குவா. அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க, மனசு கஷ்டப்படும்னு சொன்னா."

"அந்தக் கடைக்குச் சரக்கு போடுறதே நான்தான்." மச்சான் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "எல்லாரும் பண்றதுதான் மாப்ளே. தண்ணி, கொஞ்சம் சாயம். கொதிச்சுக் குறைஞ்சிடும், உள்ள துருப்பிடிக்கும்னு தெரியும். எவனோ முன்னபின்ன தெரியாதவன் வாங்கிட்டுப் போறான்னு... நம்ம வீட்டு வண்டிக்கு ஒரு நாளும் நான் அதத் தொட்டதில்ல. சத்தியமா நல்லத தனியா எடுத்து வெச்சிருந்தேன்."

"தெரியும். அதான் உங்கள மன்னிக்க முடியல." நூலகர் குரலை உயர்த்தவில்லை. "தெரியாமப் பண்ணியிருந்தா தப்புன்னு விட்டிருப்பேன். நம்ம வீட்டுக்கு ஆகாதுன்னு தெரிஞ்சுதான் அடுத்த வீட்டுக்கு வித்தீங்க. அப்புறம் அத்தன பேர் நடுவுல என்னைக் குத்தவாளி ஆக்கினீங்க. ஒரு வருஷமா நான் கண்ணாடிகூடப் பாக்கல."

மச்சான் அழுதார். அழட்டும் என்று நூலகர் விட்டுவிட்டார். சற்றுக் கழித்து மச்சான் எழுந்து பாட்டிலை எடுக்கக் கை நீட்டினார்.

"அத வைங்க. அவ கையெழுத்து இருக்கு."

மறுநாள் மச்சான் டிரம்மைக் கவிழ்த்துவிட்டு, தான் சரக்குப் போட்ட கடைகளுக்கெல்லாம் போய்ப் பாட்டில்களைத் திரும்ப வாங்கினார். ஏன் என்று கேட்டவர்களிடம், "இதனாலதான் என் தங்கச்சி செத்தா" என்று மறைக்காமல் சொன்னார். சாவு வீட்டுக்கு வந்திருந்த உறவுகளையும் வீடு வீடாகத் தேடிப்போய் அதையே சொன்னார். அதற்காக நூலகர் அவரை மன்னித்துவிடவில்லை. ஆனால் கடைசி வீட்டில் சொல்லிவிட்டு மச்சான் அவர் முன்னால் வந்து நின்றபோது, இதை மட்டும் சொன்னார்:

"கலக்கும்போது, யாரோ முகம் தெரியாதவனுக்குத்தானேன்னு கலக்குறோம். அப்படி ஒருத்தன் கிடையவே கிடையாது மச்சான். வாங்குறது யாரோ ஒருத்தியோட அண்ணன், யாரோ ஒருத்தனோட பொண்டாட்டி. நம்ம வீட்டுக்கு ஆகாதத அடுத்த வீட்டுக்கு விக்கக் கூடாது. இது புரியறதுக்கு நமக்கு ஒரு உயிர் வேண்டியிருந்துச்சு."