கழுகு மாமாவும் கைநிறைய மிட்டாயும்

கழுகு என்றால் அந்தக் கட்டட வேலையில் எல்லோருக்கும் தெரியும். உயரத்தில் உட்கார்ந்து கிரேன் ஓட்டுபவர். கீழே நின்று வாக்கி-டாக்கியில் அவருக்கு வழி சொல்பவள் அவர் மனைவியின் தங்கை. அவள் சொல்வதை அவர் வார்த்தை மாறாமல் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் கை நகர வேண்டும். கொழுந்தியாள் பேச்சுக்கு இப்படி ஆடும் மாமா உலகத்திலேயே இவர் ஒருவர்தான் என்று ஆட்கள் கேலி செய்வார்கள்.

தரைக்கு வந்துவிட்டால் மனுஷன் யார் பேச்சையும் கேட்கமாட்டார். சர்க்கரை வியாதிக்காக மாவுச்சத்தைக் குறைக்கிறேன் என்று கிளம்பியவர், குறைப்பதென்றால் அடியோடு ஒழிப்பது என்று எடுத்துக்கொண்டார். சோறு போச்சு, ரொட்டி போச்சு, கிழங்கு போச்சு. கேரட்டும் பீன்ஸும் என்ன பாவம் செய்தன? அவையும் போச்சு. மாத்திரை மட்டும் பழைய அளவிலேயே உள்ளே போய்க்கொண்டிருந்தது.

“சாப்பாட்டை இப்படி வெட்டினா மாத்திரையையும் மாத்தணும் மாமா. டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க.”

“சர்க்கரை விஷம். விஷம் உள்ள போகலேன்னா எனக்கு என்ன வந்துடும்? உன் வேலையப் பாரு, வாயாடி.”

வாயாடி சும்மா இருப்பாளா? அன்று காலை அவர் பையில் கைநிறைய மிட்டாயைத் திணித்துவிட்டாள். மேலே போய்ப் பார்த்தவர் வாக்கி-டாக்கியிலேயே திட்டித் தீர்த்தார்.

மதியம் நெருங்கும்போது கம்பிக்கட்டு ஒன்று நடுவானில் தொங்கியது.

“இடது பக்கம், மெதுவா.”

பதில் இல்லை. மறுபடி சொன்னாள்.

“...பக்கம்” என்று குழறியது குரல்.

அவர் ஒருநாளும் பாதி வார்த்தை திருப்பியவர் அல்ல. அவளுக்குப் புரிந்துவிட்டது: சர்க்கரை இறங்கிவிட்டது.

“நிறுத்து.”

“நிறுத்து.” கட்டு நின்றது. கீழே இருந்தவர்களை விரட்டினாள். மாற்று ஓட்டுநர் ஏணியில் ஓடினான். அவன் போய்ச் சேர நேரமாகும்.

“மாமா, மிட்டாயச் சாப்பிடுங்க.”

“விஷம்...”

இந்த நேரத்திலும் அடம். அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. இரண்டையும் விழுங்கிவிட்டு, மாமாவை மறந்து, கிரேனுக்குச் சொல்லும் குரலில் சொன்னாள்.

“பையைத் திற.”

“பையைத்... திற.”

“மிட்டாய வாயில போடு.”

“மிட்டாய... வாயில போடு.”

“கடி.”

“கடி.” நொறுங்கும் சத்தம் கேட்டது. அவள் நிறுத்தவில்லை. இன்னொன்று, இன்னொன்று என்று ஊட்டாத குறையாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

மாற்று ஓட்டுநர் கேபினுக்குள் நுழைந்தபோது அவர் குரல் தெளிந்திருந்தது. “ஏய் வாயாடி, போதும்டி.”

“இறங்கினதும் டாக்டர்கிட்ட போறோம்.”



“இறங்கினதும் டாக்டர்கிட்ட போறோம்” என்றார், ஒரு வார்த்தை மாறாமல்.