அக்காவுக்கு அஞ்சலி

பித்தளை வாத்திய விழாவில் மேடைக்குப் பின்னால் நடக்கும் அத்தனைக்கும் பெரியக்காதான் பொறுப்பு. எந்த நாட்டுக் குழு எந்தக் கதவு வழியாக வர வேண்டும், டியூபா என்ற பெரிய குழலை மடியில் வைத்து ஊதுபவர்களுக்குக் கை வைத்த நாற்காலி போடக்கூடாது என்று யார் பார்த்துக்கொள்வது, ஊதி முடித்தவர்கள் குழாயிலிருந்து வடித்துவிட்டுப் போகும் எச்சில் தண்ணீரில் அடுத்த குழு வழுக்கி விழாமல் யார் துடைப்பது, எல்லாம் அவள் தலையில்தான் விடியும். அவளுக்கு அந்தப் பெயர் வந்ததற்குக் காரணம், அதே விழாவில் ஒரு சின்னக்காவும் இருந்ததுதான். கூடப்பிறந்த தங்கை.

சின்னக்காவுக்கு வெளிநாட்டுக் குழுக்களை விமான நிலையத்தில் போய் அழைத்து வரும் வேலை. பாஷை தெரியாதவர்களிடம்கூடக் கண்ணை உருட்டி, கையை ஆட்டி, வண்டி விடுதிக்கு வந்து சேர்வதற்குள் ஒட்டிக்கொண்டுவிடுவாள். "எங்க அக்கா வாயில மூணே வார்த்தைதான் வரும். ஏறுங்க, இறங்குங்க, நகருங்க" என்று சொல்லி அவர்களைச் சிரிக்க வைப்பாள். பெரியக்கா அதற்கும் முறைப்பாள்.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் தலைவலி என்று படுத்த சின்னக்கா எழுந்திருக்கவில்லை. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார் டாக்டர். பெரியக்கா அழவில்லை. அழக்கூடாது என்ற வைராக்கியமெல்லாம் கிடையாது. வரவில்லை, அவ்வளவுதான். பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் வேறு யாருடையதோ போல ஆகிவிடுமே, அப்படி உடம்பு முழுக்க ஆகிவிட்டது. சாப்பிட்டாள், தூங்கினாள். விழா நெருங்கியதும் வேலைக்கு வந்துவிட்டாள்.

"இந்த வருஷம் நீ வரணும்னு கட்டாயம் இல்லம்மா" என்றார் விழாத் தலைவர்.

"வீட்ல உக்காந்து என்ன சார் பண்ணப்போறேன்?"

மாப்பிள்ளையும் வந்திருந்தார். அதாவது சின்னக்காவின் புருஷன். மேடைக்குப் பின்னால் நீளும் நடைபாதையின் கடைசி அறையில் உட்கார்ந்து வாத்தியங்களைப் பழுது பார்ப்பவர் அவர். நசுங்கிய டிரம்பெட்டை நிமிர்த்துவது, குழாயில் சிக்கிக்கொண்ட, வாய் வைத்து ஊதும் வாய்ப்பகுதியைக் கழற்றுவது, வால்வுக்கு எண்ணெய் விடுவது என்று அவருக்கும் கை ஓயாது. விழா தொடங்கியதிலிருந்து இருவரும் தினமும் பார்த்துக்கொண்டார்கள். "சாப்டீங்களா மாப்பிள்ளை?" "ஆச்சு அண்ணி." அதற்கு மேல் போனால் எங்கே போய் முட்டும் என்று இருவருக்கும் தெரியும். அதனால் போகவில்லை.

கடைசி நாள் மதியம் விழாத் தலைவர் அவளைத் தேடிக்கொண்டு மேடையோரம் வந்தார். மாலை நிகழ்ச்சிக்கு முன்னால் சின்னக்காவுக்கு ஒரு நிமிடம் மௌனம், திரையில் படம், பிறகு ஒரு குழு மெதுவாக ஏதாவது வாசிக்கும் என்றார்.

"வேணாம் சார்."

"வந்த குழு எல்லாம் கேக்குதும்மா. விமானத்தை விட்டு இறங்கினதும் அவளைத்தான் தேடிருக்காங்க. நான் என்ன சொல்ல? நீ மேடைக்கு வர வேணாம். உன் இடத்துலயே நில்லு, போதும்."

பெரியக்கா கடைசி அறைக்குப் போய் மாப்பிள்ளையிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் தலை நிமிரவில்லை.

"நான் வரலே அண்ணி. இந்த டிராம்போன் வேலை முடியல."

அந்த டிராம்போன் காலையிலேயே சரியாகிவிட்டது என்பது அவளுக்குத் தெரியும். "சரி" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

மாலையில் அரங்கம் நிரம்பியது. மேடையில் ஒரு குழு வாத்தியங்களை மடியில் கிடத்தி உட்கார்ந்திருந்தது. அடுத்த குழு மேடையோரத்தில் அவளுக்குப் பின்னால் நின்று, குழாய் சூடேறட்டும் என்று உள்ளே வெறும் மூச்சை விட்டுக்கொண்டிருந்தது. பெரியக்கா ஹெட்செட்டை மாட்டியபடி தன் இடத்தில் நின்றாள். தலைவர் பேசி முடித்தார். விளக்கு மங்கியது. அரங்கம் எழுந்தது. திரையில் படம் வந்தது.

பெரியக்காவின் படம்.

காதுக்குள் திரை இயக்குபவரின் குரல் தடுமாறியது. "பெரியக்கா... படம்... இது நீங்க..."

"பாத்துட்டேன்."

"அய்யய்யோ, எடுத்துடவா?"

விளம்பரப் பிரிவில் இந்த வருஷம் புதிதாகச் சேர்ந்த பெண்ணின் வேலை அது. அவள் சின்னக்காவைப் பார்த்ததே இல்லை; அலுவலகத்திலேயே இருந்ததால் பெரியக்காவையும் பார்த்ததில்லை. தனியாகப் படம் எடுத்துக்கொள்ளச் சின்னக்கா பிடிகொடுக்க மாட்டாள். அதனால் கிடைத்தது போன வருஷம் சாமான் இறக்கும் வாசலில் அக்காளும் தங்கையும் சேர்ந்து நின்ற படம் ஒன்றுதான். அதைப் பாதியாக வெட்டியிருந்தாள். தவறான பாதியை வைத்துக்கொண்டிருந்தாள்.

பெரியக்காவை நேரில் பார்த்திராதவர்கள் தலை குனிந்து நின்றார்கள். தெரிந்தவர்கள் பக்கத்து ஆளைப் பார்த்தார்கள். பின்னால் மூச்சு விடும் ஓசை நின்றுபோயிற்று. தொந்தி பெருத்த டியூபாக்காரர் ஒருவர் திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். பிறகு ஒரு விரலால் அவள் முழங்கையை மெல்லத் தொட்டுப் பார்த்தார். இருக்கிறாள் என்று உறுதியானதும் கையை இழுத்துக்கொண்டார்.

"பெரியக்கா, எடுத்துடவா? சொல்லுங்க."

அவள் வாயைத் திறந்தாள். எடு என்று சொல்லத்தான் திறந்தாள். அப்போதுதான் படத்தின் ஓரத்தைக் கவனித்தாள். திரையில் தன் தோளின் மேல் நான்கு விரல்கள் இருந்தன. வெட்டியவள் கத்தரியில் அதுமட்டும் தப்பியிருந்தது. நகத்தைக் கடித்துக் கடித்துக் குட்டையாக்கி வைத்திருந்த விரல்கள். ஒவ்வொன்றும் ஆள் உயரத்துக்கு இருந்தது.

"இருக்கட்டும்" என்றாள். "எடுக்காதீங்க."

ஒரு நிமிடம் முடிந்தது. வாசிக்க வேண்டிய குழுவை நடத்துபவர் கையைத் தூக்கியபோது ஓரக்கண்ணில் அவளைப் பார்த்துவிட்டார். முகம் பேயறைந்தது போல ஆகிவிட்டது. அவர் சின்னக்காவோடு தொலைபேசியில் மட்டும் பேசியவர்; அன்றுதான் வந்து சேர்ந்தார், குழுவை மேடை ஏற்றியது உதவியாளர் என்பதால் பெரியக்காவைப் பார்த்திருக்கவில்லை. செத்துவிட்டாள் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தவள் ஹெட்செட்டோடு நிற்கிறாள். தூக்கிய கை அந்தரத்தில் நின்றது. பெரியக்கா அவரைப் பார்த்துத் தலையசைத்தாள். தொடங்குங்கள் என்று கையைக் காட்டினாள். அவர் தொடங்கினார்.

மெதுவான வாசிப்பு. நன்றாகத்தான் இருந்திருக்கும். கூட்டத்தில் பலர் அழுதார்கள். பெரியக்கா விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். அழுகை இப்போதாவது வருமா என்று யாரோ மூன்றாம் மனுஷியைப் போல எதிர்பார்த்தாள். வரவில்லை. மேடையின் இடது பக்கம் ஈரமாக இருக்கிறது, துடைக்கச் சொல்ல வேண்டும் என்றுதான் தோன்றியது.

படம் மறைந்ததும் விழாத் தலைவர் வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார். "எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு உங்கிட்ட மன்னிப்பு கேப்பேன்" என்று ஆரம்பித்தார். "விடுங்க சார், அடுத்த குழு ஏறணும்" என்று அவரை ஒதுக்கி நிறுத்தினாள். குழுவை ஏற்றி, வாசிப்பு தொடங்கியதும், உதவியாளரிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டுக் கடைசி அறைக்குப் போனாள். வேறு யாராவது போய்ச் சொல்வதற்கு முன்னால் மாப்பிள்ளையிடம் தானே சொல்லிவிட வேண்டும்.

அவர் காலையிலேயே சரியாகிவிட்ட அந்த டிராம்போனை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மாப்பிள்ளை, படத்தை மாத்திப் போட்டுட்டாங்க."

"யார் படத்தை?"

"என் படத்தை. எனக்குத்தான் அஞ்சலி. ஊரே எழுந்து நின்னுச்சு."

அவர் அவளையே பார்த்தார். கண்ணைச் சுருக்கினார். பிறகு வயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிக்கிறார் என்று புரிய அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது. "உங்களுக்கா? உங்களுக்கா அண்ணி?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுச் சிரித்தார். டிராம்போன் மடியிலிருந்து நழுவியது. அவள் குனிந்து பிடித்தாள். அவளுக்கும் வாயோரம் கோணியது.

"அவ இருந்திருந்தா..." என்று அவர் தொடங்கினார். துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எண்ணெய்க் கறை கன்னத்தில் அப்பிக்கொண்டது.

"சாமான் இறக்குற வாசல்ல எடுத்த படம். அவ கை தெரிஞ்சுது. விரல் மட்டும்."

"அதை எடுத்ததே நான்தான். எங்க அக்கா இப்படி உர்ருனு நிக்கறா, சிரிக்க வெக்கிறேன் பாருங்கன்னு சொல்லிட்டுத்தான் உங்க தோள்ல கையைப் போட்டா."

பெரியக்காவுக்கு அது நினைவில்லை. அவ்வளவு பெரிய திரையில் தன் முகத்தையும் அவள் கவனித்திருக்கவில்லை.

"சிரிச்சேனா?"

"லேசா. உங்களுக்கு அதுவே ஜாஸ்தி."

வாசலில் விளம்பரப் பெண் வந்து நின்றாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. "மேடம், எனக்குத் தெரியாது மேடம், ரெண்டு பேர்ல யாருன்னு கேட்டிருக்கணும்..." என்று விம்மினாள். தங்கைக்காக வராத அழுகையை இந்தப் பெண் வந்து அழுகிறாளே என்று பெரியக்காவுக்குத் தோன்றியது.

"உக்காரு முதல்ல. முழுப் படம் உங்கிட்ட இருக்கா?"

"இருக்கு மேடம்."

"ரெண்டு பேருக்கும் அனுப்பு."

பெண் அனுப்பிவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டே போனாள். மாப்பிள்ளை தன் போனைத் திறந்து, கையை நீட்டித் தள்ளி வைத்து, நெடுநேரம் பார்த்தார். பெரியக்கா தன்னுடையதைத் திறக்கவில்லை. ஹெட்செட்டைக் கழற்றி மேசை மேல் வைத்துவிட்டு, எதிரிலிருந்த வாத்தியப் பெட்டி மேல் உட்கார்ந்தாள். விழா தொடங்கியதிலிருந்து அவள் உட்கார்ந்தது அப்போதுதான். கால் வலித்தது. வலிக்கிறது என்பது தெரிந்தது.

"அண்ணி, அவ துணிமணி எல்லாம் அலமாரியில அப்படியே கெடக்கு" என்றார் மாப்பிள்ளை, போனைப் பார்த்தபடியே. "என்னால தொட முடியல. தொறந்தா அவ வாசனை வருது."

"ஞாயித்துக்கிழமை வரேன்."

"காலையிலேயே வாங்க."

"வரேன். நீங்க சமைச்சு வெக்காதீங்க, நான் கொண்டு வரேன்."

அவர் தலையாட்டினார். வாசித்து முடித்த குழு நடைபாதை வழியாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது. யாரோ டிரம்பெட்டில் சிக்கிய வாய்ப்பகுதியைத் திருகிக்கொண்டே வந்து கதவைத் தட்டினார்கள். மாப்பிள்ளை எழுந்து கதவைத் திறந்தார்.

பெரியக்கா இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.