மொக்கம்மாளுக்கு ஒரு வெளிச்சம்

செல்லக்கிளி பாட்டரி லைட்டின் பொத்தானை முன்னே தள்ளினாள், பின்னே இழுத்தாள், மறுபடியும் தள்ளினாள். எரியவில்லை. எதிர்ச் சரிவில் இன்னும் கொஞ்சம் வெயில் ஒட்டிக்கொண்டிருந்தது. அது இறங்கி இருட்டுவதற்குள் இது எரிந்தாக வேண்டும்.

எதிர்ச் சரிவில்தான் அக்கா மொக்கம்மாள் குடியிருந்தாள். அந்தப் பக்கத்துக்குப் போன வருஷம் கேரளம் என்று புதுப் பெயர் வந்திருந்தது. மழையும் அட்டையும் மட்டும் பழையபடியேதான். நடுவே பெரும்பள்ளம். சுற்றி நடந்தால் அரை நாள் ஆகும். காலையில் மூட்டை ஏற்ற வந்த கோவேறு கழுதைக்காரர் கன்னையன் அக்காவிடமிருந்து சேதி கொண்டுவந்தார். மகள் கல்யாணத்துக்குச் சேலை எடுக்க மொக்கம்மாள் நாளைக்குப் போடிக்கு இறங்குகிறாளாம். தங்கச்சியும் வருவதானால் இருட்டும் நேரம் பாட்டரி லைட்டை மூன்று தடவை காட்ட வேண்டுமாம். காட்டினால் இரண்டு பாதையும் சேருகிற பாறையில் காத்திருப்பாள். காட்டாவிட்டால் இன்னும் கோபம் தீரவில்லை என்று எடுத்துக்கொண்டு தனியே போய்விடுவாள்.

கோபத்துக்குக் காரணம் சின்னதுதான். கீழே ஊரில் பரிசம் போட்ட அன்று சம்பந்தி வீட்டார் முன்னால் மொக்கம்மாள் சொன்னாள்: "எந் தங்கச்சிக்கு எதக் கண்டாலும் வெளக்கெண்ண பூசணும். அசந்து தூங்குனா புருசன் மீசையக்கூட விட மாட்டா."

பந்தியே சிரித்தது. செல்லக்கிளியின் புருஷன் மலைச்சாமி மீசையைத் தடவிப் பார்த்துக்கொண்டு எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தான். செல்லக்கிளி இலையை மடக்கிய கையோடு மலையேறிவிட்டாள்.

சாரல் பிடித்தால் அந்த மலையில் எந்த இரும்பும் தப்பாது. தோட்டத்துக் கத்தி, மண்வெட்டி, கதவுக் கீல் என்று எல்லாவற்றுக்கும் எண்ணெய் பூசி வைப்பது செல்லக்கிளியின் பொறுப்பு. அவள் கை பட்ட கத்தியில் துரு ஏறியதில்லை. தனக்குக் கைவந்த ஒன்றே ஒன்றை எடுத்து ஊர் சிரிக்க வைத்துவிட்டாளே என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

அரிக்கேன் விளக்கைத் தூக்கிக் காட்டலாமா என்று யோசித்தாள். அது பள்ளத்தைத் தாண்டாது. தோட்டத்து லயத்தின் வரிசை வீட்டு வாசல்களில் எரிகிற விளக்குகளோடு அதுவும் ஒன்றாகிவிடும்.

மலைச்சாமி ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரிலிருந்து புகை வாடையோடு வந்தான். லைட்டை வாங்கி உள்ளங்கையில் இரண்டு தட்டு தட்டினான். பாட்டரிக் கட்டைகளை வெளியே எடுத்து, துடைத்து, முன்பின் மாற்றிப் போட்டான். பிறகு பல்பைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தான். உள்ளே இழை அறாமல் இருந்தது. ஒரு துண்டுக் கம்பியை எடுத்து, கட்டையின் அடியையும் பல்பின் இடுப்பையும் அதனால் தொடுத்து, பல்பைக் கட்டையின் தலையில் வைத்து அழுத்தினான். பல்பு மின்மினி அளவுக்கு எரிந்தது.

"கட்டையும் நல்லாருக்கு, பல்பும் நல்லாருக்கு. கூட்டுலதான் ஏதோ நோவு" என்றான்.

செல்லக்கிளி காலிக் கூட்டை வாங்கி உள்ளே விரலை விட்டாள். விரல் வழுக்கியது. வெளியே எடுத்தபோது கறுப்பாக, பிசுக்காக இருந்தது. மணம் பார்க்க வேண்டிய தேவைகூட இருக்கவில்லை. சாரலுக்கு முன்னால் கத்திகளையெல்லாம் வரிசையாக வைத்துப் பூசி முடித்தபோது, கிண்ணத்தில் கொஞ்சம் மிஞ்சியிருந்தது. இதுவும் இரும்புதானே என்று நினைத்தது இப்போது ஞாபகம் வந்தது.

அவள் விரலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். லைட்டு கெட்டுப்போய்விட்டது என்று சொல்லிவிடலாம். யாரும் குற்றம் சொல்ல முடியாது. அக்கா தனியாகப் போவாள்; கோபம் தன்னிடமே பத்திரமாக இருக்கும். இத்தனை நாளும் அதையும் தினம் எடுத்துத் துடைத்து, எண்ணெய் போட்டுத்தான் வைத்திருந்தோம் என்று அவளுக்குத் தோன்றியது. கூடவே இன்னொன்றும் தோன்றியது: கல்யாணச் சேலையை அக்கா ஒருத்தியாக எடுத்தால் கண்ணை உறுத்துகிற அந்தக் கத்தரிப்பூ நிறத்தில்தான் எடுப்பாள்.

அவள் விரலை நீட்டினாள்.

"எண்ண போட்டேன்."

"எங்க?"

"உள்ள."

"உள்ள எங்க?"

"எல்லா எடத்துலயும்தான்."

மலைச்சாமி சிரிக்கவில்லை. அடுப்புச் சாம்பல் அள்ளிவரப் போனவன் சுவருக்கு அந்தப் பக்கம் போய்ச் சிரிப்பது அவளுக்குக் கேட்டது.

அவள் குச்சியில் துணி சுற்றிக் கூட்டின் உட்புறத்தைத் துடைத்தாள். சுருள்கம்பி, மூடியின் மரை, பொத்தானுக்கு அடியில் ஓடும் தகடு என்று எல்லாவற்றையும் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். வெயில் இறங்கி, பள்ளத்திலிருந்து மஞ்சு ஏறத் தொடங்கியிருந்தது. கட்டைகளைப் போட்டு மூடியைத் திருகி, பொத்தானைத் தள்ளினாள்.

எதிரே நின்ற ஏலச்செடிகள் பளிச்சென்று தெரிந்தன.

வாசலுக்கு ஓடி மூன்று தடவை காட்டினாள். மஞ்சு மறைத்திருக்குமோ, லைட்டு மறுபடி அணைந்துவிடுமோ என்ற சந்தேகத்தில் திரும்பத் திரும்பக் காட்டினாள். எதிரிலிருந்து பதில் எதுவும் வரவில்லை.

விடிந்ததும் இறங்கினாள். பாறைமேல் மொக்கம்மாள் பாக்கு வெட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"மூணு தடவ போதும்னேன். எதுக்குடி விடாமக் காட்டிக்கிட்டே இருந்த? கட்ட தீந்துபோகாதா?"

"மறுபடி அணஞ்சிருமோன்னு பயந்தேங்க்கா. உள்ள எண்ண போட்டு வச்சிருந்தேன்."

மொக்கம்மாள் கன்னத்தை உப்பிக்கொண்டு வெற்றிலையை வாய்க்குள் அடக்கினாள். கண்ணில் நீர் முட்டிவிட்டது.

"சிரிச்சுத் தொல" என்றாள் செல்லக்கிளி.

அக்கா சிரித்த சிரிப்பில் கீழே போய்க்கொண்டிருந்த கன்னையனின் கழுதைகள் நின்று காதைத் திருப்பின. அடங்கி, வாயைத் துடைத்துக்கொண்ட பிறகு, மொக்கம்மாள் பாக்குவெட்டியைத் தங்கச்சியிடம் நீட்டினாள். இத்தனை நேரம் பாக்கு வெட்டிய அது சரியாகத் திறக்க வரவில்லையாம், ரொம்ப நாளாகவே இறுக்கமாம்.

செல்லக்கிளி பைக்குள் கைவிட்டு எண்ணெய்க் குப்பியை எடுத்தாள்.